மயிலாப்பூருக்கு யார் சாட்சி? திருச்சபைத் தந்தையரும் அவர்களைத் தேட உதவும் நூல்களும்

தோமையார் மயிலாப்பூரில் உயிர்நீத்தார் என்பதை நிறுவ எழுதப்படும் கட்டுரைகளில் ஒரு சான்று அடிக்கடி தலைகாட்டும். மூன்றாம் நூற்றாண்டில் உரோமையில் வாழ்ந்த இப்போலித்து என்ற திருச்சபைத் தந்தை, தோமா இந்தியாவிலுள்ள கலமினா என்னும் ஊரில் ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தார், அங்கேயே அடக்கமானார் என்று எழுதிவைத்திருக்கிறாராம். அந்தக் கலமினாதான் மயிலாப்பூர் என்று அடுத்த வரி சொல்லிவிடும். இப்போலித்து 235-ஐ ஒட்டி இறந்தவர். அவ்வளவு பழைய எழுத்தாளர் ஒருவர் நம் கடற்கரை ஊரைப் பெயர் சொல்லிக் குறித்திருக்கிறார் என்றால் அது சின்னச் செய்தி அல்ல.

ஆனால் அந்தப் பகுதியை எழுதியவர் இப்போலித்து இல்லை. பன்னிரு திருத்தூதரும் எங்கெங்கே போதித்தார்கள், எப்படி இறந்தார்கள் என்று சொல்லும் சிறு பட்டியல் ஒன்று பிற்காலத்தில் அவர் பெயரில் வழங்கியது. 1886-இல் வெளிவந்த ‘நிசேயாவுக்கு முந்தைய தந்தையர்’ ஆங்கிலத் தொகுப்பின் ஐந்தாம் தொகுதி இதை அச்சிட்டிருக்கிறது. அச்சிட்ட இடம் எது என்பதுதான் கவனிக்க வேண்டியது. இப்போலித்துவின் உண்மையான நூல்களெல்லாம் முடிந்த பிறகு, ஐயத்துக்குரியவையும் போலியானவையும் என்று தலைப்பிட்ட பிற்சேர்க்கையில் அது கிடக்கிறது. மேற்கோள் எடுப்பவர்கள் வரியை எடுத்துக்கொண்டு தலைப்பை அங்கேயே விட்டுவிட்டார்கள். கலமினா என்ற ஊரும் பண்டை நிலவியலாளர் எவர் நூலிலும் அடையாளம் காணப்படாத ஊர். தாலமியின் நூலில் நம் கரையோரமாக மலியார்பா என்று படிக்கத்தக்க ஓர் ஊர்ப்பெயர் இருக்கிறது, அதை மயிலாப்பூராகக் கொள்வோர் உண்டு. கலமினா அதில் கிடையாது.

இப்படி ஒரு சான்றின் முகத்திரையை விலக்குவதற்குப் பெரிய மேதை யாரும் வேண்டியதில்லை. எந்த நூலை எந்த இடத்தில் திறந்து பார்ப்பது என்று தெரிந்திருந்தால் போதும். தொடக்கக் காலக் கிறிஸ்தவ எழுத்தாளர்களைப் படிப்பவர்களுக்கென்று ஒரு கருவிநூல் மரபே ஐரோப்பாவில் வளர்ந்திருக்கிறது. சென்னைக்காரர்களுக்கு அது எட்டாத விஷயம் என்று தோன்றலாம். கோடம்பாக்கத்தில் குடியிருப்பவன் என்ற முறையில் எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் ரயில் நிலையத்துக்கு வடக்கே அடுத்தது நுங்கம்பாக்கம், அங்கே ஏசு சபையாரின் லயோலா கல்லூரி. அதே தடத்தில் எழும்பூரில் இறங்கினால் கன்னிமாரா நூலகம். தெற்கே மாம்பலம், சைதாப்பேட்டை, கிண்டி தாண்டினால் பரங்கிமலை. தோமாவைக் கொன்ற இடம் என்று மரபு சொல்லும் குன்று அது. கிழக்கே சாந்தோம் போக ஒரு பஸ். கேள்வி எழும் இடங்களும் அதை ஆராயும் இடங்களும் ஒரே பயணச்சீட்டுக்குள் அடங்கிவிடுகிற ஊர் இது. அதனால்தான் இங்கே வாழ்கிறவர்கள் இந்தக் கருவிகளைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

கிறிஸ்தவ எழுத்தாளர்களைப் பற்றிய முதல் வழிகாட்டி நூலே இந்தியாவைத் தொட்டுச் செல்கிறது என்பது பலருக்கும் தெரியாது. எரோணிமு, அதாவது ஜெரோம், 392-393 வாக்கில் பெத்லகேமில் இருந்தபோது ‘புகழ்பெற்றோர்’ என்றொரு நூலை இலத்தீனில் எழுதினார். கிறிஸ்தவர்களுள் படித்தவர்களே இல்லை என்று ஏளனம் செய்தவர்களுக்கு மறுமொழி அது. பேதுருவில் தொடங்கி எரோணிமுவோடே முடியும் 135 அதிகாரங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்தாளர், அவர் காலம், அவர் எழுதிய நூல்கள். கடைசி அதிகாரத்தைத் தமக்கே ஒதுக்கிக்கொள்ள அவருக்குக் கூச்சம் ஏற்படவில்லை! ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மார்செய் நகரத்து ஜென்னாதியு அதைத் தொடர்ந்து எழுதினார். பின்னால் வந்த அத்தனை இலக்கிய வரலாறுகளுக்கும் இதுதான் தாய்வேர்.

அதன் 36-ஆம் அதிகாரம் அலெக்சாந்திரியாவின் பந்தேனு பற்றியது. இந்திய நாட்டுத் தூதர்கள் வந்து கேட்டுக்கொண்டதால் ஆயர் தெமெத்ரியு அவரை இந்தியாவுக்கு அனுப்பினார், அங்கே பர்த்தலமேயு ஏற்கெனவே போதித்திருந்ததை அவர் கண்டார், எபிரேய எழுத்தில் இருந்த மத்தேயு நற்செய்தியைத் திரும்பக் கொண்டுவந்தார் என்று எரோணிமு சொல்கிறார். இதே கதையை அவருக்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் முன்பே யூசேபியு தம் திருச்சபை வரலாற்றின் ஐந்தாம் நூலில் எழுதியிருக்கிறார். அங்கே தூதர்கள் இல்லை. தெமெத்ரியு அனுப்பியதாக இல்லை. சுவடியைக் கொண்டுவந்ததாகவும் இல்லை. பந்தேனு இந்தியா போனதாகவும், பர்த்தலமேயு விட்டுச்சென்ற மத்தேயு நற்செய்தியை அங்கே கண்டதாகவும் சொல்கிறார்கள் என்பதோடு யூசேபியு நிறுத்திக்கொள்கிறார். எரோணிமுவோ வேறொரு கடிதத்தில், பிராமணர்களுக்கும் அந்நாட்டு ஞானிகளுக்கும் கிறிஸ்துவைப் போதிக்கவே பந்தேனு அனுப்பப்பட்டார் என்று இன்னும் ஒரு படி மேலே போகிறார். ஒரு நூற்றாண்டுக்குள் ஒரு செய்தி எப்படிச் சதைப்பிடிக்கிறது என்பதை இந்த மூன்று இடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். தோமாவைப் பற்றிய சாட்சிகளைப் படிக்கவும் இதுவே முறை.

இந்த அலெக்சாந்திரிய விஷயம் தமிழ் இலக்கியத்துக்குள்ளும் வந்து சேர்ந்தது. ஜி. யு. போப் 1886-இல் திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, வள்ளுவர் மயிலைக் கடற்கரையில் கிறிஸ்தவப் போதகர்களோடு உலாவி, அலெக்சாந்திரியப் பள்ளியின் சாயல் கொண்ட கருத்துகளைக் கேட்டிருக்கலாம் என்று தம் முன்னுரையில் கற்பனை செய்தார். கற்பனை என்பது அவரே ஒப்புக்கொண்ட சொல். ஆனால் போப்புக்குப் பின் வந்த ஆதரவாளர்களும் எதிர்ப்பாளர்களும் அதை ஒரு முடிவாக எடுத்துக்கொண்டு நூறாண்டுக்கு மேல் சண்டை போட்டிருக்கிறார்கள். அந்தப் பள்ளியின் எழுத்தாளர்கள் இந்தியாவைப் பற்றி என்னதான் எழுதினார்கள் என்று இரு தரப்பிலும் புரட்டிப் பார்த்தவர்கள் குறைவு. பந்தேனுவின் மாணவர் கிளமெந்து தம் ‘பல்வண்ணக் கோவை’யின் முதல் நூலில் பிராமணரையும் சிரமணரையும் குறிப்பிடுகிறார், புத்தரைப் பெயர் சொல்லி, அவர் நெறியைப் பின்பற்றும் இந்தியர் உண்டு என்கிறார். நம் கரையில் போதகர் குழு ஒன்று இருந்ததாக அவர் ஒரு வார்த்தை எழுதவில்லை. அதே நூலின் நான்காம் பகுதியில் இதைவிடச் சங்கடமான ஓர் இடம் இருக்கிறது. எரக்கிளயோன் என்ற ஞானவாதியின் கருத்தைக் கிளமெந்து எடுத்துக்காட்டுகிறார். அதிகாரிகளின் முன் சாட்சி சொல்லாமலே, அதாவது வழக்கமான மறைசாட்சியாகாமலே இறந்தவர்களின் வரிசையில் மத்தேயு, பிலிப்பு ஆகியோருடன் தோமாவின் பெயரும் வருகிறது. இரண்டாம் நூற்றாண்டுக் கருத்து இது. மயிலாப்பூர் கட்டுரைகளில் இது இடம்பெறுவது அபூர்வம்.

இத்தகைய இடங்களை எங்கே தேடுவது? முதலில் மூலம். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிசில் ஜாக்-போல் மிஞ் என்ற பாதிரியார் தனியொருவராக ஓர் அச்சுத் தொழிற்சாலையே நடத்தினார். 1844-இல் தொடங்கி இலத்தீன் தந்தையரை அச்சிட்டார். சுட்டித் தொகுதிகளையும் சேர்த்து 221 தொகுதிகள். 1857-க்கும் 1866-க்கும் இடையே கிரேக்கத் தந்தையர் 161 தொகுதிகள். பழைய துறவியரின் பதிப்புகளைக் கிடைத்தவரை வாரி எடுத்து அப்படியே மறு அச்சு செய்தார். பிழை உண்டு, அவசரம் உண்டு, யாருடைய பதிப்பு என்று சொல்லாமல் விட்ட இடங்கள் உண்டு. 1868-இல் அச்சகம் தீக்கிரையானது. ஆனாலும் உலகம் இன்றைக்கும் பக்கத்தை விட்டுவிட்டு மிஞ்ஞின் பத்தி எண்ணைத்தான் மேற்கோளாகச் சொல்கிறது. பழைய ஆய்வு நூல் ஒன்றில் தொகுதி எண்ணும் பத்தி எண்ணும் இருந்தால் அது பெரும்பாலும் மிஞ். காப்புரிமை முடிந்துபோன அந்தத் தொகுதிகளின் ஒளிநகல்கள் இன்று காசில்லாமல் கிடைக்கின்றன. கோடம்பாக்கத்து வீட்டில் உட்கார்ந்து நள்ளிரவில் எந்தத் தந்தையையும் திறக்கலாம்.

மிஞ்ஞைத் திறந்தவுடன் நம்பிவிடக் கூடாது என்பதுதான் அடுத்த பாடம். அவருக்குப் பிறகு வியன்னாவில் 1866 முதல் இலத்தீன் எழுத்தாளர்களும், பெர்லினில் 1897 முதல் கிரேக்க எழுத்தாளர்களும் சுவடி ஒப்பீட்டோடு புதிதாகப் பதிப்பிக்கப்பட்டார்கள். இரண்டாம் உலகப் போரின் நடுவே லியோனில் ‘கிறிஸ்தவ ஊற்றுகள்’ வரிசை தொடங்கியது. ஒரு பக்கம் மூலம், எதிர்ப்பக்கம் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு. கிழக்கத்திய மொழிகளுக்கு 1903 முதல் தனி வரிசை. எந்த நூலுக்கு எந்தப் பதிப்பு நல்லது, மிஞ்ஞில் எங்கே இருக்கிறது, உண்மையிலேயே பெயருக்குரியவர் எழுதியதுதானா என்ற மூன்றையும் ஒரே எண்ணின் கீழ் சொல்லிவிடுகிற நூல்களுக்குக் ‘கிளாவிஸ்’, திறவுகோல் என்று பெயர். இலத்தீனுக்கு எலிஜியு தெக்கர்ஸ் 1951-இல் செய்தார். கிரேக்கத்துக்கு மவுரித்ஸ் கேரார்த் 1974-இலிருந்து செய்தார். விவிலியத்தில் சேராத புதிய ஏற்பாட்டுக் கதைகளுக்கும் அவரே 1992-இல் ஒன்று செய்தார். ‘தோமாவின் பணிகள்’ நூலைத் தேடுவோர் முதலில் கை வைக்க வேண்டிய இடம் அதுதான்.

கதை யாருடையது என்ற வழக்கு கோடம்பாக்கத்துக்குப் புதிதல்ல. டைட்டில் கார்டில் வரும் பெயரும் எழுதிய கையும் வேறாக இருக்கலாம் என்பது இங்கே டீக்கடையில் கூடத் தெரியும். திருச்சபைத் தந்தையர் விஷயத்தில் சிக்கல் எதிர்த்திசையில் போகிறது. பெரிய பெயரைத் திருடி எழுதியவன் மறைந்துகொள்கிறான், அல்லது சுவடி எழுதியவன் தெரியாமல் பெரிய பெயரைச் சேர்த்துவிடுகிறான். தமிழ் படித்தவர்களுக்கு இது விளங்காத காரியம் அல்ல. ஔவையார் பெயரில் எத்தனை காலத்துப் பாடல்கள் இருக்கின்றன, அகத்தியர் பெயரில் எத்தனை மருத்துவ நூல்கள் இருக்கின்றன என்று நமக்குத் தெரியும். அங்கே ஔவையாரின் இடத்தில் இருப்பவர் பொன்வாயர் கிறிசோஸ்தோம். நல்ல மறையுரை ஒன்று கிடைத்து, ஆசிரியர் பெயர் இல்லையென்றால் அவர் தலையில் கட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது. அப்படி அவர் பெயரில் ஒட்டிக்கொண்ட உரைகளை மட்டும் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றின் தொடக்கச் சொற்களையும் வரிசைப்படுத்தி, அல்தாமா என்ற ஸ்பானிய அறிஞர் 1965-இல் ஒரு தனி நூலே வெளியிட்டார்.

தொடக்கச் சொற்களை வரிசைப்படுத்துவது என்றதும் உ.வே.சா. பதிப்புகளைப் புரட்டியவர்களுக்கு நினைவு வந்திருக்கும். நூலின் கடைசியில் இருக்கும் செய்யுள் முதற்குறிப்பகராதிதான் அது. சுவடியில் தலைப்பு மாறும், ஆசிரியர் பெயர் மாறும், அதிகார எண் மாறும்; முதலடி அநேகமாக மாறாது. தமிழ்ப் பதிப்பாளரும் ஐரோப்பியப் பதிப்பாளரும் ஒரே நோய்க்கு ஒரே மருந்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். எனவே இந்தக் கருவிகளைப் பார்த்து நம் ஆட்கள் மிரள வேண்டிய அவசியமே இல்லை. மொழிதான் வேறு, வேலை நமக்குப் பழகிய வேலை.

அகராதிகளைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. கிரேக்கத் தந்தையருக்கு ஆக்ஸ்ஃபோர்டில் லாம்ப்பே 1961 முதல் 1968 வரை பகுதி பகுதியாக வெளியிட்டது, இலத்தீன் கிறிஸ்தவ எழுத்தாளர்களுக்கு பிளேஸ் 1954-இல் செய்தது, சிரியாக்குக்குப் பெயின் ஸ்மித்தின் பெருநூலும் அவர் மகள் 1903-இல் அதைச் சுருக்கிச் செய்த அகராதியும் போதும். எழுத்தாளர்களின் வாழ்க்கையும் நூல்களும் வேண்டுமென்றால் குவாஸ்தனின் ‘பாட்ராலஜி’ மூன்று தொகுதிகள், 1950 முதல் 1960 வரை வந்தவை. எளிய ஆங்கிலம், ஒவ்வொரு நூலுக்கும் சுருக்கம், பதிப்பு, மொழிபெயர்ப்புப் பட்டியல். அரை நூற்றாண்டு கடந்துவிட்டதால் நூற்பட்டியல்கள் பழசாகிவிட்டன. ஆனாலும் தொடங்குகிறவருக்கு இதைவிட நல்ல துணை இல்லை என்பது என் எண்ணம்.

இனி மயிலாப்பூருக்கு வருவோம். தோமாவும் இந்தியாவும் என்ற பொருளில் தந்தையர் சொன்னதையெல்லாம் ஒருசேரத் திரட்டிய முதல் பெரிய முயற்சி 1905-இல் இலண்டனில் வெளிவந்தது. எழுதியவர் மெட்லிகாட் ஆயர். 1887 முதல் 1896 வரை திருச்சூரில் திருத்தூதப் பதிலாளாக இருந்தவர். மூலத்தின் வரியையும் பதிப்பின் பெயரையும் கொடுத்து, மொழிபெயர்ப்பும் தந்து, நூற்றாண்டு வாரியாக அடுக்கியிருக்கிறார். நம் நாட்டுத் திருச்சபைப் பணியிலிருந்து இந்தப் பொருளில் பிறந்த உண்மையான கருவிநூல் என்று இதைச் சொல்வேன். 1998-இல் ஜார்ஜ் மேனாச்சேரி தொகுத்த ‘நஸ்ராணிகள்’ பெருந்தொகுதியில் இது மறுபடி அச்சேறியது. மெட்லிகாட் ஒரு கட்சிக்காரர். மரபை நிலைநாட்டவே எழுதினார். அது குற்றமல்ல. ஆனால் அவர் எழுதும்போது கேரார்த்தின் திறவுகோல்கள் இல்லை, இன்றைய சிரியாக் பதிப்புகள் இல்லை. அவரை இன்று படிப்பவர் அவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

எப்ரேமை எடுத்துக்கொள்வோம். 373-இல் இறந்த இந்தச் சிரியாக் கவிஞர் தம் கடைசிப் பத்தாண்டுகளை எதேசா நகரில் கழித்தவர். அவருடைய நிசிபிப் பாடல்களில் 42-ஆவது பாடலில் சாத்தான் புலம்புகிறான்: இந்தியாவில் நான் கொன்ற தூதன் எனக்கு முன்பே எதேசாவுக்கு வந்து நிற்கிறானே என்பது அவன் புலம்பலின் கருத்து. ஒரு வணிகர் எலும்புகளைக் கொண்டுவந்த செய்தியும் அதில் வருகிறது. பிக்கல் 1866-இல் பதிப்பித்தார், எத்மண்ட் பெக் 1960-களின் தொடக்கத்தில் மறுபடி செம்மையாகப் பதிப்பித்தார். எப்ரேமுடையதுதான் என்பதில் தகராறு இல்லை. மெட்லிகாட் இதோடு நிற்காமல், லாமி 1902-இல் முடித்த நான்கு தொகுதிகளின் கடைசியிலிருந்து இன்னும் நீண்ட தோமா பாடல்களையும் எடுத்தாள்கிறார். கருநிறத்து மக்களுக்கு ஒளி கொண்டுபோனவர் என்றெல்லாம் தோமாவைப் போற்றும் பாடல்கள் அவை. லாமி திரட்டிய எல்லாவற்றையும் பின்னால் வந்தவர்கள் எப்ரேமின் பாடல்களாக ஏற்பதில்லை. எனவே ஒரே எப்ரேமின் பெயரில் இரண்டு தரத்துச் சாட்சிகள். மேற்கோள் காட்டும்போது எந்தப் பாடல், எந்தப் பதிப்பு என்று சொல்லாவிட்டால் பொன்னும் பித்தளையும் ஒன்றாகிவிடும்.

சிரியாக் என்றால் கேரளத்தை மறக்க முடியாது. கோட்டயத்தில் 1985-இல் தொடங்கிய புனித எப்ரேம் கிறிஸ்தவ ஒன்றிப்பு ஆய்வு நிறுவனம் ‘மோரான் எத்தோ’ என்ற வரிசையை வெளியிடுகிறது. அதில் ஒன்பதாவதாக 1997-இல் வந்தது செபாஸ்தியான் பிராக் எழுதிய சிரியாக் இலக்கியச் சுருக்க வரலாறு. ஒல்லியான நூல், எழுத்தாளர் பெயர், காலம், நூல், பதிப்பு என்று ஒரு வார்த்தை வீணில்லாமல் எழுதப்பட்டது. உலகெங்கும் சிரியாக் படிப்பவர்கள் கையில் எடுக்கும் அந்த நூல் கோட்டயத்தில் அச்சானது என்பதில் எனக்கு ஒரு தென்னிந்தியப் பெருமிதம் உண்டு. 1954-ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் நூலின் படி ஒன்று கன்னிமாராவுக்குப் போய்ச் சேர வேண்டும். எனவே இதைத் தேடத் தொடங்க எழும்பூர் நல்ல இடம்.

சாட்சிகளைக் காலவரிசையில் நிறுத்திப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. மூன்றாம் நூற்றாண்டில் ஓரிஜன், யூசேபியுவின் வழியாக நமக்குக் கிடைக்கும் குறிப்பில், தோமாவுக்குப் பார்த்தியா பங்காக விழுந்தது என்கிறார். அதே நூற்றாண்டின் தொடக்கத்தில் சிரியாக்கில் பிறந்த ‘தோமாவின் பணிகள்’ நூலோ அவரை இந்தியாவுக்கு அனுப்புகிறது. ஹப்பான் என்ற வணிகரிடம் தச்சு வேலை தெரிந்த அடிமையாக விற்கப்பட்டு, குந்தபோரு அரசனிடம் சேர்ந்து, பிறகு மஸ்தாய் அரசனின் ஆணையால் ஈட்டியால் இறக்கிறார். எலும்புகள் பின்னர் மேற்கே கொண்டுபோகப்பட்டன என்கிறது கதை. குந்தபோரு என்ற பெயரில் வடமேற்கு இந்தியாவில் உண்மையிலேயே ஓர் அரசன் இருந்தான் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவன் காசுகள் கிடைத்தபின் உறுதியானது. தென்னாட்டு ஊர்ப்பெயர் ஒன்றுகூட அந்த நூலில் இல்லை. 1871-இல் வில்லியம் ரைட் சிரியாக் மூலத்தை வெளியிட்டார். கிளைன் 1962-இல் விளக்கவுரையோடு மொழிபெயர்த்தார்.

நான்காம் நூற்றாண்டின் கடைசி முப்பது ஆண்டுகளில் காட்சி மாறுகிறது. எப்ரேம் பாடுகிறார். நசியான்சு கிரகோரி தம் 33-ஆம் உரையில் இந்தியாவைத் தோமாவுக்குக் கொடுக்கிறார். அம்புரோசு அப்படியே சொல்கிறார். எரோணிமு தம் 59-ஆம் கடிதத்தில் கிறிஸ்து தோமாவோடு இந்தியாவில் இருந்தார் என்கிறார். 384-இல் எகேரியா என்ற பயணி எதேசாவில் தோமாவின் கல்லறைக் கோயிலை நேரில் வணங்குகிறார். எபிரேயர் திருமுகத்துக்குக் கிறிசோஸ்தோம் ஆற்றிய 26-ஆம் மறையுரையில், கல்லறை எங்கே என்று தெரிந்த திருத்தூதர்கள் பேதுரு, பவுல், யோவான், தோமா நால்வர்தாம் என்கிறார். எல்லோரும் ஒரே குரலில் பேசுவதால் இதைப் பத்துச் சாட்சி என்று எண்ணிவிடுகிறோம். ‘தோமாவின் பணிகள்’ கதையும் எதேசாக் கோயிலின் புகழும் பரவப் பரவ அவர்கள் வாயில் ஏறிய ஒரே செய்தியின் பல எதிரொலிகள் இவை என்றே எனக்குப் படுகிறது. தோமா இந்தியாவில் இறந்தார், எலும்பு எதேசாவில் இருக்கிறது என்பதுதான் அந்தச் செய்தி. எந்த ஊரில் இறந்தார் என்று இவர்களில் ஒருவரும் சொல்லவில்லை.

எந்த இந்தியா என்பதும் இருக்கிறது. ருஃபினு தம் வரலாற்றில் ‘அப்பாலுள்ள இந்தியா’ என்று சொல்லி ஃப்ருமென்சியு ஆயரான கதையை எழுதுகிறார். அது எத்தியோப்பியாவின் அக்சும். செங்கடலுக்கு வெளியே இருந்த எதையும் இந்தியா என்று அழைத்த காலம் அது. பந்தேனு போன இந்தியா தென்னரேபியாவாக இருக்கலாம் என்று சொல்வோர் இதை வைத்தே சொல்கிறார்கள்.

நம் கரைக்கு மிக அருகில் வரும் பழைய சாட்சி, வேடிக்கையாக, பிரான்சிலிருந்து வருகிறது. 594 வரை வாழ்ந்த தூர் நகரத்து ஆயர் கிரகோரி ‘மறைசாட்சிகளின் மாட்சி’ நூலில், தோமாவின் உடல் இந்தியாவில் முதலில் கிடந்த இடத்தில் ஒரு மடமும் வியக்கத்தக்க பெரிய கோயிலும் இருப்பதாகவும், அணையாத விளக்கு எரிவதாகவும், அங்கே போய்வந்த தியோதோர் என்பவர் தமக்கு நேரில் சொன்னதாகவும் எழுதியிருக்கிறார். மிஞ்ஞில் இலத்தீன் வரிசை 71-ஆம் தொகுதி. ஊர்ப்பெயர் இங்கேயும் இல்லை. ஆனால் பார்த்தவர் ஒருவரின் வாய்மொழி, அவர் பெயரோடு. நான் நீதிபதியாக இருந்தால் இப்போலித்து பட்டியலைத் தள்ளிவிட்டு இந்தச் சாட்சியைத்தான் கூண்டில் ஏற்றுவேன். மயிலாப்பூரை ஆதரிப்பவர்கள் போலிக்குக் கொடுக்கும் இடத்தில் பாதியை இவருக்குக் கொடுத்தாலே அவர்கள் வாதம் வலுக்கும்.

அதே ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரிய வணிகர் கோஸ்மாஸ் மிளகு விளையும் மாலே நாட்டிலும், இலங்கையிலும், கலியானாவிலும் கிறிஸ்தவர்கள் இருப்பதை எழுதுகிறார். நம் கிழக்குக் கரையில் கபேர் என்று காவிரிப்பூம்பட்டினத்தைக் குறிப்பதாகக் கருதப்படும் துறைமுகமும் அவர் பட்டியலில் உண்டு. தோமாவைப் பற்றியோ மயிலாப்பூரைப் பற்றியோ அவர் பேசவில்லை. மௌனத்தை மறுப்பாகக் கொள்ளக் கூடாது. ஆனால் அதைச் சொல்லாமல் மறைத்துவிட்டு அவரை ஆதரவுச் சாட்சியாகவும் காட்டக் கூடாது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வரும்போதுதான் மாபார் நாட்டின் சிற்றூர் ஒன்றில் தோமாவின் உடல் இருப்பதாகத் தெளிவான செய்தி கிடைக்கிறது. பரங்கிமலையில் 1547-இல் கிடைத்த பகலவி எழுத்துச் சிலுவை அதற்கெல்லாம் பல நூற்றாண்டு முந்தைய பாரசீகக் கிறிஸ்தவர்களின் தடயம். அது கல்வெட்டறிஞர்களின் வேலை, தந்தையரின் நூல்களில் அதற்கு விடை இல்லை.

1936-இல் மயிலாப்பூரை ஒட்டி இரண்டு நூல்கள் வந்தன. ஏசு சபை அறிஞர் ஹோஸ்டன் சாந்தோம், மயிலாப்பூர் தொல்பொருள்களைத் திரட்டிய ஆங்கில நூல் ஒன்று. மயிலாப்பூர்க்காரரான மயிலை சீனி. வேங்கடசாமியின் ‘கிறிஸ்தவமும் தமிழும்’ மற்றொன்று. கிறிஸ்தவர் தமிழுக்குச் செய்த பணியைத் தமிழில் தொகுத்துக் கையடக்கமாக வேங்கடசாமி கொடுத்தார். முப்பது ஆண்டு கழித்து, 1966-இல், தனிநாயகம் அடிகள் கோலாலம்பூரிலிருந்து தமிழியல் நூல்களுக்கு ஒரு வழிகாட்டியும், வத்திக்கான் நூலகத்தில் கண்ட 1679-ஆம் ஆண்டு புரோயென்சா அகராதியின் மறுபதிப்பும் வெளியிட்டார். தமிழ்க் கிறிஸ்தவ எழுத்துகளைத் தேடுவோருக்கு இப்படி ஊன்றுகோல்கள் இருக்கின்றன. தொடக்கத் திருச்சபையின் எழுத்தாளர்கள் விஷயத்திலும் அதே தரத்தில் ஒன்று தமிழில் வேண்டும்.

பெரிய கலைக்களஞ்சியம் கேட்கவில்லை. இந்தியாவைப் பற்றித் தந்தையர் எழுதிய எல்லா இடங்களும் ஒரு நூலில், கிரேக்கம், இலத்தீன், சிரியாக்கிலிருந்து நேராகத் தமிழில். ஒவ்வொன்றின் கீழும் அது எழுதப்பட்ட காலம், திறவுகோல் எண், நம்பத்தக்க பதிப்பு, மிஞ்ஞில் இருக்கும் பத்தி. அவர் எழுதியதுதானா இல்லையா என்பதற்குப் பதிப்பாசிரியர் கையெழுத்திட்ட ஒரு வரித் தீர்ப்பு. எதிர்ச்சாட்சியான எரக்கிளயோனும் மௌனமான கோஸ்மாசும் அதில் இருக்க வேண்டும். கடைசியில் ஊர்ப்பெயர்ச் சுட்டியும் முதற்குறிப்பகராதியும். இருநூறு பக்கத்துக்குள் முடித்துவிடலாம். இறையியல் கல்லூரிகளில் கிரேக்கமும் இலத்தீனும் படித்த தமிழர்கள் இருக்கிறார்கள், கேரளத்தில் சிரியாக் அறிந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு பதிப்பகம் முன்வந்து இவர்களைச் சேர்த்து உட்காரவைக்க வேண்டும். தோமா மரபை நம்புகிறவர்கள், மறுக்கிறவர்கள் இருவருமே அந்தக் குழுவில் இருக்கட்டும்.

அந்த நூல் வரும்வரை வாசகர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. எந்தத் தந்தையின் பெயரால் தோமாவைப் பற்றிய எந்தச் சான்றைப் படித்தாலும், அதன் கீழே நூலின் பெயரும் அதிகார எண்ணும் பதிப்பும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால், எழுதியவரிடமே கேட்டு வாங்குங்கள்.